அதிகாரி வாசலுக்கு வந்தால்: காவிரிப் படுகை விவசாயிகளின் கேள்விகளும் பதில்களும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் வழக்கறிஞன் அல்ல. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். ஆனால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காரும்போது கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

அரசு செய்வதெல்லாம் அத்துமீறலா? எதை அப்படிச் சொல்கிறீர்கள்?

வரி கேட்பதை யாரும் அத்துமீறல் என்று சொல்ல முடியாது. கொள்ளிடத்தில் மணல் அள்ளுகிறவனைத் தடுப்பதும் அத்துமீறல் இல்லை. ஒழுங்காகத் தடுக்கவில்லை என்பதுதான் நம்முடைய புகாரே. சட்டம் தந்த அதிகாரத்தைத் தாண்டுவதும், அதிகாரம் இருந்தும் சட்டம் விதித்த படிகளைத் தவிர்ப்பதும்தான் அத்துமீறல். அறிவிப்பு கொடுக்காமல் சங்கிலி பிடித்து நிலம் அளக்க வருவது, எழுத்தில் எதுவும் தராமல் "மேலிடத்து உத்தரவு" என்பது, ஆட்சேபம் சொல்லும் கெடு முடிந்த பிறகு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டுவது எல்லாம் இந்த வகை.

சட்டமே எல்லை மீறுகிற வகையும் உண்டு. 2023-இல் தமிழ்நாடு சட்டமன்றம் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் ஒன்றுக்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ அகப்பட்டால், நிபந்தனைகளுடன் அந்த நிலத்தைத் திட்டத்தோடு சேர்த்துவிட்டு மாற்று இடம் பெற்றுக்கொள்ள அது வழி செய்கிறது. படுகையில் வாய்க்கால் குறுக்கிடாத 100 ஹெக்டேரை யாராவது காட்டட்டும் பார்க்கலாம்! வாய்க்காலுக்கு மாற்று இடம் என்பது காகிதத்தில் எழுதக்கூடிய சொல்தான். மேட்டுக்கு மாற்றிய வாய்க்காலில் தண்ணீர் ஏறாது.

அரசு தலையிடாமல் ஒதுங்கிக்கொண்டால் நாம் சுதந்திரமாக இருந்துவிடுவோம் அல்லவா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் எந்தத் தெருவிலிருந்து கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. அரசு ஒதுங்கியே இருந்த காலம் ஒன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. அப்போது பண்ணையாள் எங்கே குடியிருக்க வேண்டும், எப்போது களத்துக்கு வர வேண்டும், பிள்ளைக்குக் கல்யாணம் எப்போது என்பதையெல்லாம் மிராசுதார் முடிவு செய்தார். 1952-இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955-இன் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், நிலத்தொழிலாளி குடியிருந்த மனையை அவருக்கே சொந்தமாக்கிய 1971-இன் குடியிருப்புச் சட்டமும் வந்துதான் பலரால் முதுகை நிமிர்த்த முடிந்தது. கூலி கூட்டிக் கேட்டதன் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த இரவில் அரசின் அதிகாரம் மிகுந்திருந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எனவே "அரசே வேண்டாம்" என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. மிராசுதாருக்குப் போட்ட கடிவாளத்தை அரசுக்கும் போட வேண்டும் என்பதே என் கட்சி.

எண்ணெய், எரிவாயுக் குழாய் பதிக்க வயலுக்குள் வருகிறார்கள். நான் மறுக்க முடியுமா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குழாய் பதிப்பதற்கு உங்கள் நிலத்தை விலைக்கு வாங்கமாட்டார்கள். 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்ப் பாதைச் சட்டத்தின்படி, நிலத்துக்கு அடியைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். மேலே நெல் நடலாம். ஆனால் அந்தப் பட்டையில் கட்டடம் கட்டக்கூடாது, குளமோ கிணறோ வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. பயிருக்கும் நிலத்துக்கும் ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு தருவதோடு, உரிமை எடுத்ததற்காக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் தருவார்கள். தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

முதலில் அரசிதழில் அறிவிப்பு வரும். வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் தர வேண்டும். இந்த 21 நாள்தான் எல்லாம். நடவு வேலையில் மும்முரமாக இருக்கும்போது, கிராம நிர்வாக அலுவலர் அலுவலகச் சுவரில் மின்கம்பி அறுந்த செய்திக்கும் தடுப்பூசி முகாம் நோட்டீசுக்கும் நடுவே ஒட்டப்பட்டிருக்கும் தாளை யார் படிக்கிறார்கள்? அதனால்தான் ஊரில் படித்த பிள்ளை ஒருவரை வாரம் ஒருமுறை அந்தச் சுவரைப் பார்த்து வரச் சொல்லுங்கள் என்கிறேன்.

ஆட்சேபத்தில் "எனக்கு விருப்பமில்லை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. சர்வே எண், உட்பிரிவு, எத்தனை போகம், எந்த வாய்க்காலில் பாசனம், குழாய் போகும் கோட்டில் போர்வெல்லோ வடிகாலோ இருக்கிறதா என்று எழுதுங்கள். அறிவிப்புக்கு முன்பே குடியிருப்பாக இருந்த இடத்தின் அடியிலும், வீட்டைச் சேர்ந்த நிலத்தின் அடியிலும், நிரந்தரக் கட்டுமானம் உள்ள இடத்தின் அடியிலும் குழாய் பதிக்க அந்தச் சட்டமே அனுமதிப்பதில்லை. தரைமட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் பதிக்கக்கூடாது. பள்ளம் தோண்டும்போது ஒரு குச்சியை அளந்து வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நில்லுங்கள். தேதி தெரியும்படி படமும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை. குச்சியைப் பார்த்தாலே மேஸ்திரி இன்னும் இரண்டு வெட்டு வெட்டச் சொல்வார்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் வயலுக்கு அடியில் சென்ற எண்ணெய்க் குழாய் கசிந்தது. அதைத் தொடர்ந்து தடியடி, கைது என்று அந்த ஊர் பட்டபாடு பத்திரிகைகளில் வந்ததுதான்.

டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகிவிட்டதே, இன்னும் என்ன பயம்?

2020 பிப்ரவரியில் வந்த அந்தச் சட்டம் நல்ல சட்டம். அன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களையும் அது உள்ளடக்கியது. புதிய எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் (பாறை எரிவாயு) துரப்பணம், செம்பு, அலுமினிய உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றுக்கு அங்கே தடை உண்டு. மன்னார்குடி வட்டார மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராக நடந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று காலமானார். இந்தச் சட்டத்தைப் பார்க்க அவர் இல்லை.

சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை என்பதுதான் ஓட்டை. பழைய கிணற்றில் புதிய வேலை நடந்தால் அது பழையதா, புதியதா? அந்தக் கேள்வியை ஊர்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, சுரங்க ஏலத்தை நடத்துவது மத்திய அரசு. 2023-இல் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய பகுதிகள் இடம்பெற்றன. ஊரும் மாநில அரசும் சேர்ந்து எதிர்த்ததால் அந்த ஏப்ரலிலேயே நீக்கப்பட்டன. சட்டம் இருந்தும் பட்டியலில் ஏறியது என்பதை மறந்துவிட வேண்டாம்.

சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுத்தால்?

எந்தச் சட்டத்தின்படி எடுக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும்வரை வேறு எதையும் பேசாதீர்கள். கெடு, இழப்பீடு, உங்கள் சம்மதம் தேவையா என்ற மூன்றும் அந்தப் பதிலைப் பொறுத்தே மாறுகின்றன.

2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு கேட்கிறது. தனியார் நிறுவனத்துக்காக என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதமும், அரசு-தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70 சதவீதத்தின் சம்மதமும் வேண்டும். பாசன வசதியுள்ள பலபோக நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் தொடலாம் என்றும் அது சொல்கிறது. படிக்கும்போது மனம் குளிரும். ஆனால் தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் உள்ளிட்ட 3 மாநிலச் சட்டங்களுக்கு இந்தப் பாதுகாப்புகளில் பெரும்பகுதி பொருந்தாது. மாநில அரசு கொண்டுவந்த அந்த விலக்கை 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு புதிய சட்டம் போட்டு விலக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. தேசிய நெடுஞ்சாலைக்கு வேறு சட்டம். அதிலும் ஆட்சேபத்துக்கு 21 நாள்தான்.

சொத்துரிமை 1978-இன் 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு அடிப்படை உரிமை இல்லை என்றாலும் அரசமைப்பின் 300-ஏ பிரிவில் உயிரோடு இருக்கிறது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்குள் 7 உரிமைகள் அடங்கியிருப்பதாகச் சொன்னது. அறிவிப்பு பெறுவது, தரப்பைச் சொல்வது, காரணம் எழுதிய முடிவைப் பெறுவது, பொதுநோக்கத்துக்கு மட்டுமே எடுப்பது, நியாயமான இழப்பீடு, தாமதமில்லாத நடைமுறை, எடுப்பு முறைப்படி முடிவுக்கு வருவது என்று அவை நீள்கின்றன. மனுவில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் மனு கடந்து போகும் வேகம் குறையும், அதாவது படிப்பார்கள்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?

தடை உத்தரவு போன்ற பலம் அதற்கு இல்லை. "கிராம சபை தீர்மானம் போட்டால் திட்டம் நின்றுவிடும்" என்று மேடையில் சொல்வது மிகை. ஆனால் நாளை நீதிமன்றத்தில் "மக்கள் எதிர்க்கவில்லை" என்று அரசுத் தரப்பு சொல்ல முடியாமல் செய்வது அந்த ஒரு தாள்தான்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் சபை கூட வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும் என்பது கணக்கு. ஆள் குறைந்தால் தீர்மானத்தின் கதை முடிந்தது. பலமான தீர்மானம் வேண்டும் என்றால் முதல் நாள் இரவே தெருத்தெருவாகச் சொல்லிவிடுங்கள். கையெழுத்து போடும்போது பதிவேட்டில் தீர்மானம் எழுதி முடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு "அப்புறம் எழுதிக்கொள்கிறோம்" என்பது பழைய வித்தை. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தலைவர் இல்லாமல் தனி அலுவலரின் கீழ் போன ஊராட்சிகளிலும் கிராம சபை இருக்கவே செய்கிறது. தலைவர் இல்லை என்பதால் சபை இல்லை என்று ஆகாது.

அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் வாயால் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

2005-இன் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டணவில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத்தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர், உடல் சுதந்திரம் பற்றியது என்றால் 48 மணி நேரம். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் ஆணையத்துக்கு.

கருத்து கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். "எங்கள் வாய்க்காலை ஏன் தூர்வாரவில்லை?" என்பதற்குப் பதில் வராது. "இன்ன பாசன வாய்க்காலில் இன்ன ஆண்டு தூர்வாரியதாக எழுதப்பட்ட அளவுப் புத்தகத்தின் நகலும், பணம் கொடுத்த பட்டியலின் நகலும் தருக" என்று கேளுங்கள். தூர்வாராத வாய்க்காலைக் காகிதத்தில் தூர்வாரியிருந்தால் அது அந்தப் புத்தகத்தில் அகப்படும்.

போராட்டத்துக்குப் போனால் குண்டர் சட்டத்தில் போடுவார்களா?

போட்டிருக்கிறார்கள். 2017-இல் கதிராமங்கலம், நெடுவாசல் போராட்டங்களுக்கு ஆதரவாகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவி ஒருவர்மீது அந்தச் சட்டம் பாய்ந்தது. சில வாரங்களில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ரத்தாகும்வரை அவர் சிறையில்தான் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். தடுப்புக்காவலின் கொடுமையே அதுதான்: குற்றத்தை நிரூபிக்காமலே 12 மாதம்வரை அடைத்துவைக்கலாம். 1982-இன் அந்தச் சட்டத்தின்படி காரணங்களை 5 நாளுக்குள் தர வேண்டும். மாநில அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த உத்தரவுகள் பெரும்பாலும் நடைமுறைப் பிழைகளில்தான் உடைகின்றன. எனவே வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு காகிதமும் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று அதன் பின்புறத்திலேயே எழுதி வையுங்கள்.

சாதாரணக் கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக்கூடாது. தவிர்க்கவே முடியாத நிலையில், நடுவரின் முன் அனுமதியுடன் பெண் காவலர்தான் செய்யலாம். பழைய 144 தடை உத்தரவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆவது பிரிவு. பிறப்பித்த நாளிலிருந்து இரண்டு மாதம்தான் செல்லும், மாநில அரசு நீட்டித்தால் மேலும் ஆறு மாதம் வரை போகலாம். இலவச சட்ட உதவிக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண் 15100. காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே வழக்கறிஞர் கிடைப்பார்.

ஆதார் இல்லாமல் எதுவும் நடப்பதில்லையே. இது அடிமைத்தனம் இல்லையா?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒரே குரலில் சொன்னது. 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் அரசு மானியங்களுக்கும் வருமான வரிக்கும் ஆதார் செல்லும் என்றார்கள். வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் கட்டாயம் கூடாது என்றார்கள். நடைமுறையில் பள்ளியில் ஆதார் நகல் கேட்காத தலைமை ஆசிரியரை நான் பார்த்ததில்லை. கேட்டால் கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுக்காததற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது.

நியாயவிலைக் கடையில் கைரேகை பதியாத சிக்கல் வேறு மாதிரி. நாற்றுப் பறித்தும் களையெடுத்தும் சேற்றிலேயே கிடக்கும் விரல்களில் ரேகை தேய்ந்துவிடுகிறது. இயந்திரம் மூன்று முறை சிவப்பு காட்டினால் அந்த அம்மாள் தன் கையையே குற்றவாளி போலப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கைரேகை பதியவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக்கூடாது என்பது துறையின் உத்தரவு. கைப்பேசிக்கு வரும் ரகசிய எண், கருவிழிப் பதிவு, நடக்க முடியாதவர் சார்பில் இன்னொருவருக்கு அங்கீகாரப் படிவம் ஆகிய வழிகள் உண்டு. "நாளைக்கு வாம்மா" என்றால், எந்த வழியும் இல்லை என்று பதிவேட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டார்கள், அரிசி போட்டுவிடுவார்கள்.

ஜெராக்ஸ் கொடுக்கும் இடங்களில் முதல் 8 எண்களை மறைத்த நகலையே கொடுங்கள். கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. ஆனால் கடைக்குப் போகும்முன் திறக்க மறந்தால் அன்றும் சிவப்பு விளக்குதான்.

இப்போது விவசாயிக்கும் தனி அடையாள எண் கேட்கிறார்களே?

அந்தப் பதிவு பட்டாவை வைத்து நடக்கிறது. எனவே பட்டாவில் பிழை இருப்பவர் எண் வாங்கும்முன் பட்டாவைச் சரிசெய்யுங்கள். இறந்துபோன தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாக்கள் நம் பக்கத்தில் ஏராளம். எண்ணைக் காட்டிலும் எனக்குக் கவலை குத்தகைதாரர்கள் பற்றியது. கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் தலைமுறைகளாக உழுகிறவர் எந்தப் பட்டாவைக் காட்டுவார்? 1969-இன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி தன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியவருக்குத்தான் பேச ஓர் ஆதாரம் இருக்கிறது. பதியாதவர்கள் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். நிலக்காரருக்குச் சேர வேண்டிய நியாய வாரம் மொத்த விளைச்சலில் 25 சதவீதம் என்பதும், கொடுத்ததற்கு ரசீது கேட்கலாம் என்பதும் இன்றைக்கும் பலருக்குத் தெரியாது.

விதையை நானே எடுத்து வைத்துக்கொள்ளலாமா? விற்கலாமா?

தாராளமாக. 2001-இன் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரைப் பெயரோடு பொட்டலம் கட்டி விற்பது மட்டும் கூடாது. இப்படி அகலமான உரிமை பல நாடுகளில் கிடையாது. நாம்தான் அதை மூலையில் போட்டுவிட்டு ஒவ்வொரு போகத்துக்கும் கடைக்கு ஓடுகிறோம்.

திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய திருவிழா நெல்லைக் கையிலிருந்து கைக்கு மாற்றும் பழைய பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர் அவர். 2018 டிசம்பரில் மறைந்தார். விதை வாங்கிப் போனவர் விளைந்ததும் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. மாப்பிள்ளை சம்பாவும் பூங்காரும் காட்டுயானமும் இன்று வயலில் நிற்கின்றன என்றால் எந்தத் துறையின் திட்டத்தாலும் இல்லை.

வீட்டு விதை முளைக்குமா என்ற பயம் வேண்டாம். ஒரு முட்டையைத் தண்ணீரில் போட்டு, முட்டை மேலே மிதக்கும்வரை உப்பைக் கரையுங்கள். அந்தத் தண்ணீரில் விதைநெல்லைக் கொட்டினால் சொத்தையும் அரைமணியும் மிதக்கும். அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உலர்த்துங்கள். அதில் 100 நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள். 80 முளைத்தால் சான்று விதைக்குக் கேட்கும் முளைப்புத்திறன் உங்கள் வீட்டு விதைக்கும் இருக்கிறது.

வாய்க்காலை ஊரே சேர்ந்து தூர்வாரினால் குற்றமா?

ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அகற்றுவதற்கு யாரும் வழக்குப் போடமாட்டார்கள். இயந்திரம் இறக்கினாலோ மண்ணை வெளியே கொண்டுபோனாலோ நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எடுத்த மண் கனிமத் திருட்டுக் கணக்கில் சேரும்.

இதில் ஒரு வரலாறு இருக்கிறது. குடிமராமத்து என்பது ஊர் தானாகச் செய்த வேலை. காவிரி அமைப்பை வெள்ளைக்காரர்கள் கையில் எடுத்து, 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டி, பராமரிப்பைத் துறையிடம் கொடுத்தார்கள். ஊர் மெல்ல ஒதுங்கியது. பிறகு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு, வராதவருக்கு அபராதம் என்று ஊரை மறுபடியும் இழுக்கப் பார்த்தார்கள். தானாக மண்வெட்டி தூக்கியவனிடமிருந்து முடிவெடுக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் எப்படி வருவான்? 2017-இல் அதே பெயரில் அரசு திட்டம் போட்டு, செலவில் 10 சதவீதம் விவசாயிகள் பங்கு என்றது. பெயர் திரும்பியது, எந்த வாய்க்காலை எப்போது எவ்வளவு ஆழம் வெட்டுவது என்ற முடிவு ஊருக்குத் திரும்பவில்லை.

சி, டி பிரிவு சிறு வாய்க்கால்களை மட்டுமாவது மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன் ஊரே பார்த்துக்கொள்ள முடியும். வீட்டுக்கு ஓர் ஆள், இல்லையென்றால் ஓர் ஆள் கூலி. கணக்கு கோயில் வாசலில் எழுதி ஒட்டப்பட வேண்டும். கணக்கு ஒட்டாத ஊரில் இரண்டாம் ஆண்டு யாரும் வருவதில்லை.

கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குப் பணம் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் நெல் மழையில் நனைகிறது.

கொடுத்தவரும் குற்றவாளி என்று 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம் என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் போங்கள். தனியாகப் போகிறவரின் நெல்லுக்குத்தான் மறுநாள் ஈரப்பதம் கூடிவிடும்.

ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்கமாட்டார்கள். மழைக்காலத்தில் அதைத் தளர்த்தச் சொல்லி ஆண்டுதோறும் மத்தியக் குழுவுக்காகக் காத்திருக்கிறோம். ஊருக்கு ஒரு நல்ல சிமெண்ட் களமும், தார்ப்பாயும், பத்துப் பேர் சேர்ந்து வாங்கிய ஈரப்பதமானியும் இருந்தால் அந்தக் காத்திருப்பில் பாதி குறையும். நிலையத்து மானி 19 காட்டும்போது உங்கள் மானி 16 காட்டினால் அங்கே பேச்சின் தொனியே மாறிவிடும்.

இதெல்லாம் எதற்கு? கொஞ்சம் நிலம் வாங்கி, சோலார் போட்டு, யாரோடும் சேராமல் நிம்மதியாக இருந்துவிடக் கூடாதா?

சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் திரும்பி வரும் இளைஞர்கள் கேட்பது. மேட்டு நிலத்தில் ஒருவேளை முடியும். இங்கே உங்கள் வயலுக்குத் தண்ணீர் பக்கத்து வயல் வழியாக வருகிறது. வடிவது அடுத்தவர் வயல் வழியாக. நவம்பர் மழையில் கீழ்மடைக்காரர் வரப்பை உயர்த்தினால் உங்கள் சம்பா மூழ்கும். வேலி போடலாம், தண்ணீருக்கு வேலி கிடையாது. படுகையில் தற்சார்பு என்றால் வாய்க்கால் அளவிலான தற்சார்புதான். ஒரு மடையில் பாயும் 30, 40 குடும்பங்கள்தான் அதற்கு மிகச் சிறிய அலகு.

அரசை எதிர்த்து இங்கே யாராவது ஜெயித்திருக்கிறார்களா?

1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். ஏப்ரல் 13-இல் கிளம்பி 28-இல் போய்ச் சேர்ந்த அந்தப் பயணம் முழுக்க நம் ஊர்கள் வழியாகத்தான். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஊர் ஊராக அறிவித்தார். யாரும் சோறு போடவில்லை. சாலையோர மரக்கிளைகளில் பொட்டலங்கள் மட்டும் தொங்கின! வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, பாதி முகம் மழித்த பிறகு எதிரில் இருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியை மடக்கி வைத்துவிட்டார். சிறைக்கும் போனார்.

அந்த ஊர்க்காரர்கள் யாரையும் அடிக்கவில்லை. கலெக்டரின் உத்தரவு நடக்க வேண்டுமென்றால் தங்களுடைய சோறும் கூரையும் கத்தியும் ஒத்துழைக்க வேண்டும் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

இலவச மின்சாரமும் மானியமும் வாங்கிக்கொண்டு அரசை எதிர்த்துப் பேசலாமா?

பேசலாம். விளைவித்த நெல்லுக்குக் கட்டுப்பாடான விலை வைக்கும் அரசு, பம்புசெட்டுக்கு மின்சாரம் தருவது தானம் ஆகாது. நன்றிக்கடன் பேச்சு தேர்தல் மேடைக்கு உரியது.

மனுவைத் தமிழில் எழுதலாமா? மத்திய அரசு அலுவலகத்துக்கு?

1956-இன் ஆட்சிமொழிச் சட்டத்தின்படி மாநில அலுவலகங்களில் தமிழே ஆட்சிமொழி. மத்திய அலுவலகத்துக்கும் தமிழில் எழுதலாம்; குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்று அரசமைப்பின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. "ஆங்கிலத்தில் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினால், அந்தப் பிரிவு எண்ணை மனுவின் தலையில் எழுதி விரைவுத்தபாலில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்பிவிடுங்கள். நேரில் கொடுப்பதானால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படி இறங்காதீர்கள். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகும்போது போன மாதத்து நகலையும் எடுத்துப் போங்கள். அதற்கு என்ன பதில் என்று கேட்டுவிட்டு இந்த மாதத்து மனுவை நீட்டுங்கள்.